ஓடிபி சொல்லாதே என்றால் மட்டும் போதுமா?

ஏடிஎம் அறையின் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். பாஸ்புக் பதியப் போனால் சுவரில் தொங்குகிறது. கைபேசிக்கு அடிக்கடி குறுஞ்செய்தியாக வருகிறது. 2025இன் முதல் பாதியில் யாருக்காவது போன் போட்டால், எதிர்முனையில் மணி அடிப்பதற்கு முன்பே ஒரு குரல் எச்சரித்துக்கொண்டிருந்தது. எல்லாம் சொல்வது ஒன்றுதான்: ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள், தெரியாத லிங்க்கைத் தொடாதீர்கள், ஜாக்கிரதையாக இருங்கள்.

எச்சரிக்கை கெட்டதல்ல. ஆனால் கணக்கு என்ன சொல்கிறது? இணைய மோசடிகளில் இந்தியர்கள் இழந்ததாகப் பதிவான தொகை 2023இல் சுமார் 7,465 கோடி ரூபாய். 2024இல் அது சுமார் 22,845 கோடி ரூபாய். மத்திய உள்துறை அமைச்சகம் நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. ஒரே வருடத்தில் மூன்று மடங்கு! எச்சரிக்கைப் பலகைகள் பெருகிய அதே காலத்தில்தான் திருட்டும் இப்படிப் பெருகியிருக்கிறது.

ஆக, எச்சரிக்கை வேறு, பாதுகாப்பு வேறு. தெருவில் திருடர் நடமாட்டம் இருக்கிறது என்று தண்டோரா போடுவது எச்சரிக்கை. வீட்டுக்குப் பூட்டுப் போடுவது பாதுகாப்பு. வங்கிகள் தண்டோராவை நன்றாகவே போடுகின்றன. பூட்டு விஷயத்தில்தான் சுணக்கம். ஏன் சுணக்கம் என்றால் காரணம் எளிது. திருட்டுப் போனால் நஷ்டம் பெரும்பாலும் வாடிக்கையாளருடையது. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தானே தெரியும்!

மோசடியில் இரண்டு வகை

சரி, விஷயத்துக்கு வருவோம். வங்கி மோசடிகளை இரண்டாகப் பிரித்துப் பார்த்தால் குழப்பம் குறையும்.

முதல் வகையில் பணம் போவதே கணக்குக்காரருக்குத் தெரியாது. அட்டையை நகலெடுப்பது, கடவுச்சொல்லைத் திருடுவது, கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் ஒரு ஏபிகே கோப்பை அனுப்பி, அதைத் திறந்ததும் கைபேசிக்கு வரும் ஓடிபிகளைக் களவாடுவது எல்லாம் இந்த வகை. பணத்தை நகர்த்துவது திருடன். சட்டம் இதை 'அனுமதியற்ற பரிவர்த்தனை' என்கிறது.

இரண்டாவது வகையில் கணக்குக்காரரே தன் கையால் பணத்தை அனுப்புகிறார். மிரட்டியோ ஆசை காட்டியோ அனுப்ப வைக்கிறார்கள். 'டிஜிட்டல் அரெஸ்ட்' இதில் மிகக் கொடியது. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதைப்பொருள் இருந்தது, உங்கள் ஆதாரை வைத்துக் கறுப்புப் பணம் மாற்றியிருக்கிறார்கள் என்று போன் வரும். வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டை, பின்னால் போலீஸ் முத்திரை, சில சமயம் போலி நீதிபதி கூட! கேமராவை அணைக்கக் கூடாது, பிள்ளைகளிடம் கூடச் சொல்லக் கூடாது என்று மணிக்கணக்கில், நாள்கணக்கில் உட்கார வைப்பார்கள். கடைசியில் 'சரிபார்ப்பதற்காக' என்று பணத்தை மாற்றச் சொல்வார்கள். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையவே கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதைச் சொல்ல வேண்டி வந்தது. 2025 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்த வழக்குகளை சிபிஐ விசாரிக்க உத்தரவிட்டது. பங்குச் சந்தையில் இரட்டிப்பு லாபம், வீட்டிலிருந்தே வேலை, யூடியூப் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்று ஆசை காட்டுவதும் இந்த இரண்டாவது வகைதான்.

முதல் வகைக்கு எதிராகப் பூட்டுகள் வந்தபடியால் திருடர்கள் இரண்டாவது வகைக்கு இடம்பெயர்ந்துவிட்டார்கள். கம்ப்யூட்டரை உடைப்பதைவிட மனிதரை மிரட்டுவது சுலபம். இங்கே 'ஓடிபி சொல்லாதே' என்ற அறிவுரைக்கு வேலையே இல்லை. அவர் யாரிடமும் ஓடிபி சொல்லவில்லை. தானே பதிந்து, தானே அனுப்பினார்!

இங்கிலாந்தும் அமெரிக்காவும் கற்றுக்கொடுத்த பாடம்

நஷ்டம் யார் தலையில் விழுகிறது என்பதற்கும் பாதுகாப்பு எப்படி இருக்கிறது என்பதற்கும் என்ன தொடர்பு? இதற்கு ஒரு பழைய உதாரணம் இருக்கிறது.

ஏடிஎம் இயந்திரங்கள் பரவிய காலத்தில் இரண்டு நாடுகள் இரண்டு வழியில் போயின. அமெரிக்காவில் 1978இல் மின்னணுப் பணப் பரிமாற்றச் சட்டம் வந்தது. பணத்தை எடுத்தது நான் இல்லை என்று வாடிக்கையாளர் சொன்னால், அவர்தான் எடுத்தார் என்று வங்கி நிரூபிக்க வேண்டும். அட்டை தொலைந்ததை இரண்டு வேலை நாட்களுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளரின் நஷ்டம் 50 டாலரைத் தாண்டாது. இங்கிலாந்தில் நிலைமை தலைகீழ். எங்கள் கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது, நீங்களோ உங்கள் வீட்டில் ஒருவரோதான் எடுத்திருக்க வேண்டும் என்று வங்கிகள் சாதித்தன.

இந்தச் சாதிப்பு எவ்வளவு தூரம் போனது தெரியுமா? அங்கே ஒரு போலீஸ்காரர் விடுமுறை முடிந்து ஊர் திரும்பியபோது, தன் கணக்கில் தான் எடுக்காத பணம் குறைந்திருப்பதைப் பார்த்துப் புகார் கொடுத்தார். எங்கள் அமைப்பில் ஓட்டையே இல்லை, எனவே இவர் பொய் சொல்லிப் பணம் பறிக்கப் பார்க்கிறார் என்று நிதி நிறுவனம் சொன்னது. பணத்தை இழந்தவர் மேலேயே மோசடி வழக்கு! 1994இல் குற்றவாளி என்று தீர்ப்பும் வந்துவிட்டது. மேல்முறையீட்டில், எதிர்த்தரப்பு நிபுணர் தங்கள் கம்ப்யூட்டர் அமைப்பைச் சோதிப்பதற்கு நிறுவனம் சம்மதிக்கவில்லை. 1996இல் அவர் விடுதலையானார்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ராஸ் ஆண்டர்சன் 1993இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இந்த ஏடிஎம் மோசடிகளை ஆராய்ந்தார். மகா மேதாவிகள் ரகசியக் குறியீட்டை உடைத்து நடந்த திருட்டுகள் அல்ல அவை. பெரும்பாலானவை வங்கிக்குள் நடந்த சாதாரண அசட்டைகள். ஒரு சிறிய நிறுவனம் நிரல் பிழையால் தன் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் ஒரே ரகசிய எண்ணைக் கொடுத்திருந்ததாம்! அவரும் மற்றவர்களும் பின்னர் சுட்டிக்காட்டிய விசித்திரம் இன்னொன்று. நஷ்டத்தை ஏற்க வேண்டியிருந்த அமெரிக்க வங்கிகளைவிட, ஏற்க வேண்டியில்லாத இங்கிலாந்து வங்கிகளில்தான் மோசடி தலைவிரித்தாடியது. புகார் கொடுப்பவரைப் பொய்யர் என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்றால், ஓட்டையை யார் தேடப் போகிறார்கள்?

"ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே" என்று ஒரு பழமொழி உண்டு. ஊராருடைய நெய் என்றால் தாராளமாக ஊற்றலாம். சொந்த நெய் என்றால்தான் கரண்டி அளவு பார்க்கும்.

இந்திய விதிகள் சொல்வது என்ன?

இந்தியா இந்த விஷயத்தில் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது அநியாயம். அட்டையை வைத்து இணையத்தில் வாங்கும்போது இரண்டாவது சரிபார்ப்பு கட்டாயம் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கொண்டுவந்தது. பல பணக்கார நாடுகளில் அட்டை எண்ணையும் பின்பக்கத்து மூன்று இலக்கத்தையும் போட்டாலே பணம் போய்க்கொண்டிருந்த காலம் அது.

அடுத்த முக்கியமான படி 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை. வங்கிக் கணக்கு வைத்திருக்கும் ஒவ்வொருவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஆனால் ஓடிபி எச்சரிக்கைக்குக் கிடைத்த விளம்பரத்தில் பத்தில் ஒரு பங்கு கூட இதற்குக் கிடைக்கவில்லை. அது சொன்னதன் சாரம் இதுதான்:

1. வங்கியின் குறைபாட்டால் பணம் போனால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை.

2. தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை, வெளியே எங்கோ ஓட்டை என்றால், தகவல் வந்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் கொடுத்தவருக்கும் பொறுப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள் ஆகிவிட்டால் கணக்கின் வகையைப் பொறுத்து அவர் ஏற்க வேண்டிய தொகைக்கு உச்சவரம்பு. அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய்.

3. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், அவர் வங்கிக்குத் தெரிவிக்கும்வரை ஆன நஷ்டம் அவருடையது. தெரிவித்த பிறகு போவது வங்கியின் நஷ்டம்.

4. புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். 90 நாட்களுக்குள் புகாரை முடிக்க வேண்டும்.

5. தவறு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்கும் சுமை வங்கியுடையது.

ஐந்தாவதுதான் உயிர்நாடி. அமெரிக்கா 1978இல் எடுத்த அதே நிலைப்பாடு. ஆனால் நடைமுறையில் என்ன நடக்கிறது? பல இடங்களில் கிளைக்குப் போனவருக்குக் கிடைக்கும் பதில், "சரியான ஓடிபி போட்டிருக்கு சார், அப்ப நீங்கதான் சொல்லியிருக்கணும்" என்பதுதான். சரியான ஓடிபி பதிவாகியிருப்பதே வாடிக்கையாளரின் தவறுக்குச் சாட்சியாம்! முப்பது வருடத்துக்கு முன் இங்கிலாந்து வங்கிகள் பாடிய அதே பாட்டு.

இந்தப் பாட்டு எல்லா நேரத்திலும் எடுபடவில்லை என்பது ஆறுதல். அஸ்ஸாமில் ஒருவர் இணையத்தில் வாங்கிய துணியைத் திருப்பி அனுப்ப விரும்பினார். கடையின் வாடிக்கையாளர் சேவை என்று சொல்லி ஒரு ஆசாமி பேசி, ஒரு செயலியை இறக்க வைத்தான். கணக்கிலிருந்து 94,204 ரூபாய் போய்விட்டது. அவர் உடனே புகார் கொடுத்தார். ஓடிபியைப் பகிர்ந்துவிட்டார் என்று பாரத ஸ்டேட் வங்கி வாதாடியது. குவாஹாட்டி உயர் நீதிமன்றம் வாடிக்கையாளர் பக்கம் நின்றது. 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் வங்கியின் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. இன்றைய தொழில்நுட்பத்தை வைத்து இப்படிப்பட்ட பரிவர்த்தனைகளைக் கண்டுபிடித்துத் தடுக்க வேண்டியது வங்கியின் கடமை என்பதே தீர்ப்பின் சாரம். வாடிக்கையாளர்களும் விழிப்பாக இருக்க வேண்டும் என்றும் நீதிமன்றம் சேர்த்துச் சொன்னது.

நியாயமான தீர்ப்பு. ஆனால் 94,000 ரூபாய்க்கு உச்ச நீதிமன்றம் வரை போக எத்தனை பேரால் முடியும்?

தன் கையால் அனுப்பியவருக்கு யார் துணை?

2017 சுற்றறிக்கையின் தலைப்பிலேயே 'அனுமதியற்ற' என்ற சொல் இருக்கிறது. அதாவது அது முதல் வகைக்கு மட்டும். டிஜிட்டல் அரெஸ்டில் மிரண்டுபோய் வாழ்நாள் சேமிப்பை அனுப்பியவர் வங்கியிடம் போனால், "நீங்களே அனுமதி கொடுத்த பரிவர்த்தனைதானே" என்று கை விரித்துவிடலாம்.

கழுத்தில் கத்தி வைத்துக் கையெழுத்து வாங்கினால் அந்தப் பத்திரம் செல்லாது. வீடியோ அழைப்பில் இரண்டு நாள் சிறைவைத்துப் பின் எண்ணைப் போட வைத்தால் அது மட்டும் எப்படி முழு மனதோடு கொடுத்த அனுமதி ஆகும்?

இந்தக் கேள்விக்கு இங்கிலாந்து ஒரு பதில் சொல்லியிருக்கிறது. ஏடிஎம் காலத்தில் வாடிக்கையாளரைப் பொய்யர் என்று சொன்ன அதே இங்கிலாந்துதான்! 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்கும் வங்கி ஈடு கொடுக்க வேண்டும் என்று விதி வந்தது. உச்சவரம்பு 85,000 பவுண்டு. பொதுவாக ஐந்து வேலை நாட்களுக்குள் கொடுக்க வேண்டும். அப்பட்டமான அலட்சியம் என்று வங்கி காட்டினால் மறுக்கலாம். ஆனால் பலவீனமான நிலையில் இருப்பவர்களுக்கு அந்த மறுப்பும் செல்லாது. வரம்பை முதலில் 4,15,000 பவுண்டு என்றுதான் திட்டமிட்டிருந்தார்கள். வங்கிகளும் பணப் பரிமாற்ற நிறுவனங்களும் போட்ட கூச்சலுக்குப் பிறகு அது குறைந்தது.

இந்த விதியில் உள்ள பெரிய புத்திசாலித்தனம் வேறு இடத்தில் இருக்கிறது. ஈட்டுத் தொகையில் பாதியை அனுப்பிய வங்கியும், பாதியைப் பெற்ற வங்கியும் கொடுக்க வேண்டும். அதாவது திருடனுக்குக் கணக்குத் திறந்து கொடுத்த வங்கிக்கும் வலிக்கும்.

சிங்கப்பூர் இன்னொரு பாதையில் போனது. 2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கியின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் பறந்தன. வங்கியிலிருந்து வழக்கமாக வரும் செய்திகளின் வரிசையிலேயே, அதே பெயரில் அவையும் வந்து உட்கார்ந்தன. எது அசல், எது போலி என்று எவராலும் சொல்ல முடியாது. 790 வாடிக்கையாளர்கள் 1.37 கோடி சிங்கப்பூர் டாலரை இழந்தார்கள். வங்கி கடைசியில் முழுத் தொகையையும் நல்லெண்ண அடிப்படையில் கொடுத்தது. அடுத்த மாதமே நாணய ஆணையம் வங்கிகளுக்குப் பூட்டுகளைப் பட்டியலிட்டது. வாடிக்கையாளருக்கு அனுப்பும் மின்னஞ்சலிலும் குறுஞ்செய்தியிலும் லிங்க் இருக்கக் கூடாது. புதிய கைபேசியில் பாதுகாப்பு டோக்கனைச் செயல்படுத்தினால் குறைந்தது 12 மணி நேரம் காத்திருக்க வேண்டும். பின்னர் அங்குள்ள வங்கிகள் பணத்தில் ஒரு பகுதியை இணையவழியில் தொடவே முடியாதபடி பூட்டிவைக்கும் வசதியையும் கொடுத்தன. 2024 டிசம்பர் 16 முதல், ஃபிஷிங் மோசடிகளில் தன் கடமையைச் செய்யத் தவறியது வங்கி என்றால் வங்கியும், தொலைபேசி நிறுவனம் என்றால் அந்த நிறுவனமும் நஷ்டத்தை ஏற்கும் விதி நடைமுறைக்கு வந்தது. ஆனால் தானே அனுப்பிய பணத்துக்கு அந்த விதியிலும் இடமில்லை.

இந்தியாவிலும் காற்று இந்தப் பக்கம் திரும்புகிறது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் வழியாக அனுப்பும்போது பெறுநரின் பெயரைப் பார்த்துச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1க்குள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. வங்கிகளின் இணையதளங்கள் எல்லாம் 'டாட் பேங்க் டாட் இன்' முகவரிக்கு 2025 அக்டோபருக்குள் மாற வேண்டும் என்றது. யுபிஐயில் தனிநபர் ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் வசதி 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தப்பட்டது. சிறு தொகை மோசடிகளில் 25,000 ரூபாய் வரை ஈடு தரும் ஏற்பாட்டைக் கொண்டுவரப் போவதாக 2026 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. நல்ல தொடக்கம். ஆனால் டிஜிட்டல் அரெஸ்டில் போவது 25,000 அல்ல. வீடு கட்ட வைத்திருந்த பணம், ஓய்வூதியப் பணம், மகள் கல்யாணத்துக்குச் சேர்த்த பணம்.

வாடகைக்கு விடப்படும் கணக்குகள்

மோசடிக்காரன் எங்கிருந்து பேசினாலும் பணம் கடைசியில் ஒரு வங்கிக் கணக்கில்தான் விழ வேண்டும். அது அவன் பெயரில் இருக்காது. அப்படிப்பட்ட இரவல் கணக்கைத்தான் 'மியூல் அக்கவுண்ட்' என்கிறார்கள். கோவேறு கழுதை மாதிரி அடுத்தவன் சுமையைச் சுமக்கிற கணக்கு. முதல் கணக்கில் விழுந்த பணம் சில நிமிடங்களில் பத்துக் கணக்குகளுக்குப் பிரியும். அங்கிருந்து இன்னும் பல கணக்குகளுக்கு. பிறகு ஏடிஎம்மில் ரொக்கமாகவோ கிரிப்டோவாகவோ மறைந்துவிடும்.

இந்தக் கணக்குகள் யாருடையவை? வேலை தேடுபவர்கள், கூலித் தொழிலாளர்கள், கல்லூரி மாணவர்கள். "உன் அக்கவுண்டைக் கொஞ்ச நாள் கொடு, ஏடிஎம் கார்டும் சிம்மும் கொடு, மாசம் ஐயாயிரம் தர்றேன்" என்று விடுதி வாசலிலும் டெலிகிராமிலும் ஆள் பிடிக்கிறார்கள். பாக்கெட் மணி என்று நினைத்துக் கொடுக்கும் பையனுக்கு, யாரோ ஒரு பாட்டியின் மொத்தச் சேமிப்பும் தன் கணக்கு வழியாகப் போனது தெரியாது. போலீஸ் வரும்போது தெரியும். பேசி ஏமாற்றியவன் எங்கோ வெளிநாட்டில் இருப்பான். கைதாவது கணக்குக்காரன்! கல்லூரி முடிப்பதற்குள் குற்ற வழக்கு. எனவே கணக்கை வாடகைக்குக் கேட்கிறவன் நண்பனின் நண்பனாக இருந்தாலும் சரி, ஒரே பதில்தான்: முடியாது.

ஆனால் இங்கும் வங்கிக்குப் பங்கு உண்டு. மாதம் 2,000 ரூபாய்க்கு மேல் பார்க்காத ஒரு மாணவர் கணக்கில் ஒரே நாளில் 30 லட்சம் வந்து அரை மணியில் காலியானால் அது விசித்திரம் இல்லையா? அதேபோல் இருபது வருடமாக ஓய்வூதியம் மட்டும் வாங்கிக்கொண்டிருந்த ஒரு ஆசிரியர் திடீரென வைப்புத்தொகைகளை எல்லாம் உடைத்து, வேறு மாநிலத்தில் முன்பின் தெரியாத ஒருவருக்கு அனுப்பினால்? கவுன்ட்டரில் இருந்த ஊழியர் சந்தேகப்பட்டு இரண்டு கேள்வி கேட்டதாலேயே பணம் தப்பிய செய்திகள் பத்திரிகைகளில் வந்திருக்கின்றன. ஒரு மனிதர் கவனிக்க முடிந்ததைக் கம்ப்யூட்டரும் கவனிக்க முடியும். இப்படிப்பட்ட இரவல் கணக்குகளைக் கண்டுபிடிக்க ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் 'மியூல்ஹன்டர்' என்ற மென்பொருளையே உருவாக்கியிருக்கிறது. கருவி இருக்கிறது. அதைப் பயன்படுத்தாவிட்டால் வங்கிக்கு நஷ்டம் என்ற நிலைதான் இன்னும் வரவில்லை.

இதில் இன்னொரு அநியாயமும் நடக்கிறது. திருட்டுப் பணத்தில் ஆயிரம் ரூபாய் யுபிஐ வழியாக ஒரு டீக்கடைக்கு வந்துவிட்டால், கடைக்காரரின் மொத்தக் கணக்கையும் முடக்கிவிடுகிறார்கள். அவருக்கும் மோசடிக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைக்கலாம், மொத்தக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று 2023இல் கேரள உயர் நீதிமன்றமும் 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும் சொன்னது இதனால்தான். வருமுன் தடுக்கும் வேலையைச் சரியாகச் செய்யாமல் வந்தபின் கண்ணை மூடிக்கொண்டு வலை வீசினால், சிக்குவது சின்ன மீன்கள்தான்.

எதிர்வாதங்களுக்கும் இடம் கொடுப்போம்

"வங்கி ஈடு கொடுக்கும் என்றால் மக்கள் அலட்சியமாகிவிடுவார்களே?" இது முதல் கேள்வி. நியாயமானதுதான். ஆனால் திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் யாரும் வேண்டுமென்றே தன் சேமிப்பை மோசடிக்காரனிடம் கொடுப்பதில்லை. அலைச்சலும் அவமானமும் பயமும் போதுமான தண்டனை. வாடிக்கையாளர் ஒரு சிறு பங்கை ஏற்கலாம் என்று வைத்தால் இந்தக் கவலை தீரும்.

"பொய்ப் புகார்கள் குவியுமே?" குவியலாம். பொய்ப் புகார் கொடுப்பவனைப் பிடிப்பதற்கு வங்கியிடம் பதிவுகள் உண்டு, வக்கீல்கள் உண்டு, சட்டம் உண்டு. உண்மையாக ஏமாந்தவரிடம் இவை எதுவும் இல்லை. நிரூபிக்கும் சுமையை யார் தோளில் வைப்பது என்றால், சுமக்கக்கூடியவர் தோளில்தான் வைக்க வேண்டும்.

"கடைசியில் அந்தச் செலவும் எல்லா வாடிக்கையாளர் தலையிலும்தானே விழும்?" ஓரளவு உண்மை. கோடிக்கணக்கானவர்கள் ஆளுக்குச் சில ரூபாய் ஏற்பதும், ஒரே ஒருவர் தன் வாழ்நாள் சேமிப்பை இழப்பதும் ஒன்றாகுமா? காப்பீடு என்பதே இந்தத் தத்துவம்தானே.

"காத்திருக்க வைத்தால் யுபிஐயின் வேகம் போய்விடுமே?" இதுதான் கனமான கேள்வி. காய்கறிக்கடையில் 40 ரூபாய் கொடுக்க யாரும் காத்திருக்கத் தேவையில்லை. முதல்முறையாக ஒரு புதியவருக்குப் பெரிய தொகை போகும்போது சில மணி நேரம் நிறுத்தினால் போதும். மிரட்டலின் பலமே அவசரம்தான். ஒரு ராத்திரி தூங்கி எழுந்தாலோ, மகனிடம் ஒரு வார்த்தை பேசினாலோ பாதி மயக்கம் தெளிந்துவிடும். இங்கிலாந்தில் சந்தேகம் வந்தால் கூடுதலாக 72 மணி நேரம் வரை பணத்தை நிறுத்திவைக்க வங்கிகளுக்கு 2024 அக்டோபரில் அதிகாரம் கொடுத்தது இதற்காகத்தான்.

ஆக, என்ன வேண்டும்?

முதலாவது, ஏமாற்றப்பட்டுத் தானே அனுப்பிய பணத்துக்கும் ஈடு கிடைக்க விதி வேண்டும். உச்சவரம்பு இருக்கட்டும், வாடிக்கையாளருக்குச் சிறு பங்கு இருக்கட்டும். ஆனால் பெற்ற வங்கியும் பாதியை ஏற்க வேண்டும்.

இரண்டாவது, புதிய பெறுநருக்குப் போகும் பெரிய தொகைக்குக் காத்திருப்பு நேரம் வேண்டும். மூத்த குடிமக்கள் விரும்பினால் தங்கள் வைப்புத்தொகையை இணையவழியில் தொட முடியாதபடி பூட்டிவைக்கும் வசதி எல்லா வங்கியிலும் வேண்டும்.

மூன்றாவது, ஓடிபி எச்சரிக்கை ஒட்டியிருக்கும் அதே சுவரில், அதே அளவு எழுத்தில், தமிழில், வாடிக்கையாளரின் உரிமைகளும் ஒட்டப்பட வேண்டும். மூன்று நாள், பத்து நாள், 90 நாள் என்ற கணக்கு கண்ணில் படும்படி இருக்க வேண்டும்.

இவை வரும்வரை என்ன செய்வது? பணம் போனது தெரிந்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். அங்கே பதிவாகும் புகார் வங்கிகளுக்குப் போய், பணம் இன்னும் ஏதாவது கணக்கில் இருந்தால் நிறுத்திவைக்கப்படும். பணம் கணக்குக்குக் கணக்கு தாவும் வேகத்தில் முதல் ஒரு மணி நேரம்தான் பொன்னான நேரம். அடுத்து வங்கிக்கு எழுத்தில் புகார் கொடுத்துப் புகார் எண்ணை வாங்கிவைக்க வேண்டும். 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வெட்கப்பட்டுக்கொண்டு பேசாமல் இருப்பதுதான் மோசடிக்காரனுக்குச் செய்யும் பெரிய உதவி.

ஏமாந்தவரைப் பார்த்து "படிச்சவங்க இப்படியா ஏமாறுவாங்க?" என்று கேட்பது சுலபம். மருத்துவர்களும் பேராசிரியர்களும் ஓய்வுபெற்ற அதிகாரிகளும் ஏமாந்திருக்கிறார்கள். மோசடி செய்வதையே முழுநேரத் தொழிலாக வைத்திருக்கும் கும்பலோடு, தனியாக ஒரு கைபேசியோடு உட்கார்ந்திருக்கும் மனிதரை மோதவிட்டுவிட்டு, ஜாக்கிரதையாக இருங்கள் என்று சொல்லிவிட்டு ஒதுங்குவதற்கு வங்கி எதற்கு? பணத்தைத் தலையணைக்கு அடியில் வைத்திருந்தால் திருடன் வருவான் என்ற பயத்தில்தானே மக்கள் வங்கிக்கே போனார்கள்.